தட்டு மறையும் ஆழம்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். அவள் முன்னறையில் உட்கார்ந்து, ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்ட யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக் கால்சட்டைக்கு மடிப்புப் பிரித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் படகுக்காரர். அவள் கணவரோடு ஏரிக்குள் போய்வருகிறவர். எதிரில் நிற்பவரிடம் பேசினாலும் அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். அன்று குரல் இறங்கியிருந்தது.

"அண்ணி, வீட்ல கூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லையே. ஏன், உங்க அண்ணன் இன்னிக்கும் சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டாரா?"

"நீங்க கொஞ்சம் உக்காருங்க அண்ணி."

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனாலும் அவர் சொன்னதற்காக ஒருமுறை எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில் அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். "ஒண்ணும் இல்ல, மூச்சு வாங்குது. நீ கயித்தை அவுரு" என்றிருக்கிறார். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது படகின் விளிம்பில் தலை சாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அவசரமாகப் போக வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

மறுநாள் கரையோரத்து ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். மாடு வைத்திருப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், கோடையில் படகு வாடகைக்கு விடுகிறவர்கள். தோட்டத்து வாசலில் அவளுடைய தம்பி நின்றான். எல்லோரும் உள்ளே போனார்கள், வந்தார்கள்; அவன் மட்டும் கம்பிக் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். கூட்டம் கலைந்த பிறகுதான் உள்ளே வந்து, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் காலருகே நின்றுவிட்டுப் போனான். கோடை தொடங்குவதற்கு முன்பிருந்தே அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் அரசாங்கத்தின் ஏரிக் கண்காணிப்பு அலுவலகத்தில் களப்பணியாளர். வண்டி ஓட்டுவதற்காகச் சேர்ந்தவர். பழைய களப்பணியாளர் ஓய்வுபெற்றபோது, யாருக்குக் கண் கூர்மை என்று அலுவலகத்தில் விளையாட்டாக ஒரு போட்டி வைத்தார்கள். வாசலுக்கு எதிரே தூரத்தில் நின்ற பேருந்தின் எண்ணை அவர் மட்டும் சரியாகப் படித்தார். தட்டு அவர் கைக்கு வந்தது.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தகடு. நான்கு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியிருக்கும். நடுவில் ஒரு கயிறு. கயிற்றில் அளவுக் குறிகள். ஏரியின் நடுவில் படகை நிறுத்தி, படகின் நிழல் விழும் பக்கமாகக் குனிந்து, தட்டைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குவார். கண்ணுக்கு மறைகிற ஆழம் ஓர் அளவு. பிறகு மேலே இழுத்து, மறுபடி கண்ணுக்குத் தெரிகிற ஆழம் இன்னோர் அளவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அன்றைய தண்ணீரின் தெளிவு. பாசி பெருகினால் தட்டு சீக்கிரம் மறைந்துவிடும். குறைந்தால் ஆழம் வரைக்கும் தெரியும். பெரிய ஏரிகளில் மிதவை, கருவி, கணினி என்று எல்லாம் இருந்தன. இது நடுத்தர ஏரி. தண்ணீரின் மேல் பச்சை ஆடை படிந்தால் மட்டும் பாட்டிலில் பிடித்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க. மற்ற நாளெல்லாம் தட்டுதான்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஏரிக்கு ஒரே ஆள்தான் தட்டுப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் பார்வை மாறும். ஆளை மாற்றினால் தண்ணீர் மாறியதா, கண் மாறியதா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். நியாயமான வழக்கம்தான். அதனால் அவர் விடுப்பில் போனால் அந்த வாரம் அளவே எடுக்க மாட்டார்கள். இதில் அவருக்கு ரகசியமான பெருமை. காய்ச்சல் அடித்தால்கூட, "ஏரி காத்துக்கிட்டு இருக்கும்" என்று கிளம்பிவிடுவார்.

"ஆமா, உங்களைப் பாக்காம அது வத்திப் போயிடும்" என்பாள் அவள்.

படகு சிறியது. அவர் ஒரு பக்கம் குனிந்தால் படகுக்காரர் மறுபக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் தண்ணீரில்தான். ஆகவே இத்தனை வருடமும் படகுக்காரர் பார்த்ததெல்லாம் கரையையும் வெயிலையும்தான். அந்த நிழல் பக்கத்துத் தண்ணீரை அவர் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

கரையில் எல்லோருக்கும் அவர் 'தட்டுக்காரர்'. அவளுடைய தம்பி அவரை வம்புக்கிழுக்காத நாள் கிடையாது.

"ஊர்ல இருக்கற மாமனுங்க எல்லாம் தட்டுல போட்டுச் சாப்பிடறானுங்க. எங்க மாமா ஒருத்தர்தான் தட்டைத் தண்ணில போட்டுட்டு எங்க காணோம்னு தேடறாரு."

"தேடறதுக்குத்தான்டா சம்பளம். நீ மாட்டைத் தொலைச்சுட்டுத் தேடினா எவன் குடுப்பான்?"

தம்பிக்கு ஏரிக்கரையில் மாட்டுப் பண்ணை. பண்ணையின் நடுவே ஓர் ஓடை வந்து ஏரியில் விழுகிறது. மாடுகள் அதில் இறங்கித் தண்ணீர் குடிக்கும், அங்கேயே நின்று சாணம் போடும், கரையை மிதித்துச் சேறாக்கும். எல்லாம் ஏரிக்குத்தான் போகும். ஒரு கோடையில் ஏரி முழுக்கப் பச்சை வண்ணத்தைக் கொட்டிக் கலக்கியது போல ஆகி, காற்று ஒதுக்கிய பக்கமெல்லாம் பாசி கஞ்சியாகத் திரண்டு நாறியது. அதைக் குடித்துவிட்டுத் தம்பியின் கன்றுக்குட்டி ஒன்று மாலைக்குள் கால் விறைத்துச் செத்தது. அதை மாமாவும் அவனும் சேர்ந்துதான் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளி முடித்து, மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அவர் கேட்டார்: "ஓடையை அடைச்சு வேலி போடறியா? மாட்டுக்குத் தொட்டி வச்சுத் தண்ணி விடுவோம். அரசாங்கமே கம்பி தருது. நீ போட்டா மத்தவனும் போடுவான்."

"போட்டா ஏரி தெளிஞ்சிடுமா?"

"தெளியும்."

"எவ்வளவு நாள்ல?"

"அது தெரியாது. ஆனா தெளியும். தட்டு சொல்லும், நான் உன்கிட்ட வந்து சொல்றேன்."

தம்பி போட்டான். கல்லும் வேருமாகக் கிடந்த கரையில் ஒவ்வொரு கம்பத்துக்கும் குழி தோண்ட அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவனைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். தெருக்களின் கழிவுநீர்க் குழாயை அலுவலகம் வேறு பக்கம் திருப்பியது. கரையை ஒட்டி உரம் போடாமல் ஒரு பட்டை நிலத்தைப் பயிர்க்காரர்கள் சும்மா விட்டார்கள். எல்லோரையும் அதற்கு இணங்கவைக்க அவர் வீடு வீடாகப் போய் எவ்வளவு டீ குடித்தார் என்பதற்குக் கணக்கில்லை. "வயித்துல ஒரு குளமே வச்சிருக்கேன்" என்பார் வீட்டுக்கு வந்து.

பிறகு அவர்கள் காத்திருந்தார்கள்.

ஏரி தெளியவில்லை. முதல் வருடம் தட்டு போன ஆழத்துக்குத்தான் அடுத்த வருடமும் போனது. அதற்கடுத்த வருடம் கொஞ்சம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டில் அவர் தினம் சொல்கிற ஒரே செய்தி அந்த அளவுதான். அவளும் கேட்டுக்கொள்வாள்; மற்ற வீடுகளில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல அந்த வீட்டில் அது.

"இன்னிக்கு எவ்வளவு?"

"ஒண்ணே முக்கால் மீட்டர்."

அடுத்த கோடையில், "ஒண்ணரை."

அதற்குப் பிறகு அவள் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த வருடங்களில் வீட்டிலும் சில மாற்றங்கள் வந்தன. அவற்றுக்கும் ஏரிக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்ற வாய்ப்பில்லை. சமையலறை விளக்கு மங்கல் என்று அவர் பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதுவும் போதவில்லை என்றார். செய்தித்தாளை ஜன்னலுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் மையை மிச்சம் பிடிக்கறானுங்க" என்று திட்டினார். இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதில்லை. "எதிர்ல வர்ற அத்தனை பேரும் லைட்டை ஏத்தி வச்சுக்கிட்டே வர்றானுங்க, மரியாதை கெட்ட பசங்க." அவள் சிரித்தாள். வயதானால் ஆண்களுக்கு உலகத்தின் மேல் கோபம் வரும் என்று நினைத்தாள்.

ஒன்றுக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமான புதிதில், அவள் தைக்க ஆரம்பித்த நாளிலிருந்து, காலையில் வேலைக்குப் போகுமுன் அவர்தான் அவளுக்கு ஊசி கோத்துக் கொடுப்பார். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று. எல்லாவற்றையும் பஞ்சுப் பொதியில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அவளுக்குக் கோக்கத் தெரியாமல் இல்லை. அது ஒரு பழக்கம். வேறு வீடுகளில் பூ வாங்கி வருவார்களோ என்னவோ, இந்த வீட்டில் இது. ஒருநாள் அவர், "நேரமாச்சு, நீயே கோத்துக்கோ" என்றார். மறுநாளும் நேரமாயிற்று. பிறகு அவர் பஞ்சுப் பொதி இருந்த பக்கமே வரவில்லை. அவள் ஒரு வாரம் வீம்புக்கு ஊசி கோக்காமல் இருந்து பார்த்தாள். அவர் கவனிக்கவே இல்லை. சரி, இத்தனை வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டாள். அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும்.

கோடைக்கு முன்பு ஊர்ப் பொதுக்கூடத்தில் அலுவலகம் ஒரு கூட்டம் வைத்தது. வேலிகளையும் கரைப்பட்டைகளையும் பராமரிக்கும் திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது கேள்வி. முந்தின நாள் மேலதிகாரி வீட்டுக்கே வந்து அவரிடம் நயமாகச் சொன்னார்.

"பெரிய மாற்றம் இல்லைன்னு சொன்னா போதும். மோசமாகியிருக்குன்னு சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. போன ரெண்டு கோடையா தண்ணில இறங்காதீங்கன்னு எச்சரிக்கைப் பலகைகூட வைக்கலையே."

"அது காத்து சார். நல்லா அடிச்சுது, பாசி ஒதுங்கல. தட்டு சொல்றது வேற."

"உங்க கண்ணுக்கே தெரியலையா, கரை முன்ன மாதிரி நாறலைன்னு?"

"நான் ஆசைப்படறதெல்லாம் அளவுல வராது சார். அந்த ஆசையாலதான் எனக்கே என் மேல சந்தேகம். ரெண்டு அளவுக்கு நடுவுல தடுமாறினா நான் குறைஞ்சதைத்தான் எழுதறேன்."

அதுதான் அவர். தனக்குப் பிடித்த பதில் வந்தால் இரண்டு முறை சோதிப்பார். பிடிக்காத பதில் வந்தால் ஒரே முறையில் நம்பிவிடுவார்.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "ஏரி தெளியல. வேலி போட்டப்ப இருந்ததைவிட இப்ப கொஞ்சம் கலங்கல் ஜாஸ்தி. நான் உங்களுக்குத் தெளியும்னு சொன்னேன். அது நடக்கல."

நாற்காலிகள் முனகின. பிறகு பின்வரிசையிலிருந்து அவளுடைய தம்பி எழுந்தான். முகத்தில் வழக்கமான நையாண்டி இல்லை.

"அப்ப எதுக்கு மாமா எங்களை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"தெரியலடா."

"தெரியலயா? என் தொட்டிக்குத் தண்ணி இறைச்சு இறைச்சு என் முதுகு போச்சு. மாடு வேலிக்குள்ள நின்னு ஓடையைப் பாத்துக் கத்துது. இத்தனையும் நீங்க சொன்னீங்கன்னு. இப்ப தெரியலங்கறீங்க."

"நான் பாத்ததைத்தான் சொல்ல முடியும்."

"நல்லாப் பாத்தீங்க போங்க."

அந்த வாரமே தம்பி வேலியைப் பிடுங்கினான். மாடுகள் ஓடைக்குள் இறங்கின. அவர் ஏரியிலிருந்து பார்த்திருக்கிறார். படகுக்காரர் பிறகு சொன்னார். படகை நிறுத்தச் சொல்லி, கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "பரவால்ல, மாட்டுக்குத் தண்ணி வேணுமில்ல" என்றாராம். அன்று தட்டு இறக்க மறந்துவிட்டு, பாதி வழியில் ஞாபகம் வந்து, திரும்பிப் போய் எடுத்தாராம்.

திட்டம் நின்றது. ஆனால் தட்டு நிற்கவில்லை. கண்காணிப்பது சட்டப்படியான வேலை. அந்தக் கோடை முழுக்க அவர் போய் வந்தார். சாப்பாட்டில் அளவு சொல்வதை விட்டுவிட்டார். ஒருநாள் கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "நான் இத்தனை வருஷம் என்ன வேலை பாத்தேன்னு யாராவது கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"தட்டு கழுவினாருன்னு சொல்லுவேன்" என்றாள் அவள். சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அவர் சிரித்தார். ஆனால் துண்டை எடுத்துக் கை துடைக்க வெகுநேரம் பிடித்தது.

கோடை முடிந்து முதல் மழை வருவதற்குள் அவர் போய்விட்டார்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவர் இடத்துக்கு வந்திருக்கும் களப்பணியாளர். நாற்பதைத் தொட்ட வயது, ஈரமான மழைக்கோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். துக்கம் விசாரித்தாள். டீயை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தாள். ஏதோ கேட்க வந்து கேட்க முடியாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது.

"கேளும்மா, பரவால்ல."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சார் வேற தட்டு ஏதாவது வச்சிருந்தாரா? வீட்ல? இல்ல கயிறு எதுவும் மாத்தினாரா?"

"இல்லையே. அந்த ஒண்ணுதான். ஏன்?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு அளவு சரியா வரல."

"குறையுதா?"

"கூடுதுக்கா." வந்தவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரொம்பக் கூடுது. மூணு மீட்டருக்குக் கிட்ட போகுது. நான்தான் தப்பாப் பாக்கறேன்னு மேல சொன்னாங்க. மறுபடி போனேன். படகுக்காரரையும் எட்டிப் பாக்கச் சொன்னேன், படகு கவுந்துடும்னு அவரு பயந்தாரு. அவருக்கும் அதே ஆழம் வரைக்கும் தெரிஞ்சுது. கயித்தைக் கரையில நீட்டி அளந்து பாத்துட்டேன், குறி சரியாத்தான் இருக்கு. மழையில இப்படி ஒரேயடியாத் தெளியாதுக்கா, மழையில கலங்கத்தான் செய்யும்."

அவள் கேட்டுக்கொண்டே தைக்க ஒரு பொத்தானை எடுத்திருந்தாள். விருந்தாளி முன்னால் கை சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. நூலை நாக்கில் நனைத்து ஊசியின் காதருகே கொண்டுபோனாள்.

"சார் கண்ணாடி போடுவாராக்கா?"

"இல்ல. அவருக்குக் கண்ணு..."

நூல் காதுக்குள் போய்விட்டது. அவள் அதை இழுக்கவில்லை. ஊசியையும் நூலையும் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய விளக்கு. ஜன்னலோரத்துச் செய்தித்தாள். எதிரில் வருகிறவர்களின் வெளிச்சம். நேரமாச்சு, நீயே கோத்துக்கோ.

"அக்கா?"

"அவருக்குப் புரை விழுந்திருந்திருக்கும்மா" என்றாள். பிறகு, யாரோ அடுத்த அறையிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "அவரு கோக்க முடியாமத்தான் விட்டிருக்காரு" என்றாள்.

வந்தவளுக்கு அந்த இரண்டாவது வாக்கியம் புரியவில்லை. முதலாவது புரிந்தது. எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் புரை ஒரேயடியாக விழுவதில்லை. தினமும் ஒரு இம்மி. தண்ணீரும் தினமும் ஒரு இம்மி தெளிந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டில் புரையின் வேகம் கொஞ்சம் கூடுதல். அவர் குனிந்து பார்த்த நிழல் தண்ணீரில் ஒவ்வொரு வருடமும் தட்டு மறைந்த இடத்தில், தண்ணீர் முடியவில்லை. அவர் பார்வைதான் முடிந்திருக்கிறது.

"யாருமே அவரு கண்ணைப் பாக்கலையா, ஆபீஸ்ல?" என்று அவள் கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை.

"வருஷா வருஷம் ரத்த அழுத்தம் பாப்பாங்க, சர்க்கரை பாப்பாங்க" என்றாள் அந்தப் பெண். "நானும் இப்பதான் யோசிக்கறேன். என் கண்ணையும் யாரும் பாக்கல."

போகும்போது வாசலில் நின்று, "வேலி பிடுங்கினது இன்னும் தண்ணில தெரியலக்கா. தெளியறதுக்கு ஆன மாதிரியே கெடறதுக்கும் நாளாகும். ஆனா கெடும்" என்றாள்.

இரண்டு நாள் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏரி ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம் என்று இரண்டு பாதியும் இத்தனை வருடம் இந்த ஒரே வீட்டில்தான், ஒரே சாப்பாட்டு மேசையில்தான் இருந்திருக்கின்றன. அவர் அளவைச் சொன்ன அதே வாயால்தான் விளக்கு மங்கல் என்றும் சொன்னார். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு குழம்பு ஊற்றியிருக்கிறாள்.

தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அவளைப் படுத்தியது. சொன்னால் அவன் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் மாடுகள் ஓடையில் நிற்கும். கடைசியில், அவர் இருந்திருந்தால் பிடிக்காத பதிலையும் போய்ச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. பேருந்து பிடித்துப் பண்ணைக்குப் போனாள்.

அவன் பால் கறக்கும் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டில வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே. சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன். இங்க வா, உக்காரு."

கவிழ்த்துப் போட்ட வாளியில் அவன் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவன் குறுக்கே பேசவில்லை. அவன் குறுக்கே பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அப்ப தெளிஞ்சுதான் இருந்துச்சா?"

"தெளிஞ்சுதான் இருந்துதாம்."

"அன்னிக்கு ஹால்ல அவரு எழுந்து நின்னப்பவே?"

"அப்பவே."

"அவருக்கு?"

"தெரியாது. தெரியாமலேதான் போனாரு."

அவன் கையிலிருந்த துடைப்பத்தின் குச்சியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். மாடு ஒன்று சங்கிலியை இழுத்துத் திரும்பிப் பார்த்தது.

"நல்லாப் பாத்தீங்க போங்கன்னு சொன்னேன்க்கா. கடைசியா அதான் சொன்னேன்."

"உனக்கென்ன தெரியும்?"

"வேலியைக் கட்டும்போதும் அவரு சொன்னதைத்தான் நம்பினேன். புடுங்கும்போதும் அவரு சொன்னதைத்தான் நம்பினேன்." துடைப்பத்தைக் கீழே போட்டான். "எங்கயாவது ஒரு தடவை நம்பாம இருந்திருக்கலாம்ல நான்? வேற எல்லாத்துக்கும் அந்த மனுஷனைக் கிண்டல் பண்ணேன். இதுக்கு மட்டும் நம்பித் தொலைச்சேன்."

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் அவன் மரத்திலிருந்து விழுந்து வந்தபோது பிடித்துக்கொண்டது போல. அவன் ஈரக் கையோடு அவள் புடவையைப் பற்றிக்கொண்டு சத்தம் போட்டு அழுதான்.

அதற்குப் பின் ஒரு வெயில் நாளில் புதிய களப்பணியாளர் அவளை ஏரிக்கு அழைத்துப்போனாள். விதிப்படி கூடாது. படகுக்காரர் கையைப் பிடித்து ஏற்றினார். "நடுவுல உக்காருங்க அண்ணி. அண்ணன் உக்கார்ற எடம்தான்." அதை வழக்கமான உரத்த குரலில் சொல்லிவிட்டு, உடனே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடு ஏரியில் காற்றில்லை. அவள் நிழல் பக்கமாகக் குனிந்தாள். தட்டை அவள் கையில் கொடுத்தார்கள். அது அவள் நினைத்ததைவிடக் கனம். மெல்ல இறக்கினாள். கறுப்பும் வெள்ளையும் தண்ணீருக்குள் சற்றே ஆடிக்கொண்டு கீழே போயின. கயிறு அவள் உள்ளங்கையில் நழுவியது. ஒன்று. ஒன்றரை. இந்த இடத்தில்தான் அவர் நிறுத்தியிருப்பார், இங்கேதான் மூச்சு விட்டுவிட்டு அந்த அளவைச் சொல்லியிருப்பார். தட்டு அங்கே பளிச்சென்று இருந்தது. அதன் மேல் ஒரு சிறு மீன் வந்து நின்றுவிட்டுப் போனது.

அதற்குமேல் அவளுக்குத் தெரியவில்லை.

"மறைஞ்சிடுச்சு" என்றாள்.

"இல்லக்கா" என்றாள் பக்கத்தில் குனிந்திருந்தவள், மிக மெதுவாக. "இன்னும் தெரியுது. நீங்க கண்ணைத் தொடைச்சுக்கங்க."

படகுக்காரர் மறுபக்கம் சாய்ந்து, கரையையே பார்த்துக்கொண்டு, படகைக் கவிழாமல் பிடித்திருந்தார்.

திட்டம் இன்னும் திரும்ப வரவில்லை. மேலிடத்தில் ஒரு குழு பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய அளவுகளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு மனிதனின் கண் எந்த வருடம் எவ்வளவு மங்கியது என்று இப்போது யாராலும் கணக்கிட முடியாது. ஆனால் இந்த ஆண்டிலிருந்து களப்பணியாளர் எல்லோருக்கும் கண் பரிசோதனை உண்டு. அந்தச் செய்தியை அவளுக்குச் சொல்லிவிட்டு மேலதிகாரி தலை குனிந்து நின்றார். "நல்லதுங்க" என்றாள் அவள்.

தம்பி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பிடுங்கிப் போட்ட கம்பங்களில் உளுத்தவற்றைக் கழித்துவிட்டு, மற்றவற்றைப் பழைய குழிகளிலேயே நட்டான். பால் கறந்து முடித்துக் கிடைக்கிற வெளிச்சத்தில், ஆள் வைக்காமல், தானே. கம்பி இழுத்துக் கட்டிவிட்டான். தொட்டிக்கு மறுபடி தண்ணீர் இறைக்கிறான். ஓடைக்கு இறங்கும் இடத்தில், அளவு எடுக்க வருகிறவர்கள் போய்வர வசதியாக, புதிதாக ஒரு மரக்கதவும் வைத்தான். அதற்குக் கொண்டி இன்னும் பொருத்தவில்லை. ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறான்.